துயில் தேடிய ஈவ்லின் வோ

இருபதாம் நூற்றாண்டிலே ஆங்கில உரைநடைக்குத் தெளிவும் கூர்மையும் தந்த ஆசிரியர் சிலருள் ஈவ்லின் வோ ஒருவர். அவருடைய நாவல்களைப் படித்தோர் நம்மிடையே பலர் உளர். ஆயின் 1954ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, எவரும் பேசாத பேச்சுகள் தம் காதில் ஓயாது ஒலிக்க, அவர் நம் கொழும்பு மாநகரில் வந்திறங்கினார் என்பதை அறிந்தோர் சிலரே. அக்குரல்கள், இரவில் உறக்கம் வேண்டி அவர் தாமே ஊற்றிக் குடித்துவந்த மருந்தால் விளைந்தவை.

மாத்தளை மாவட்டத்து லக்கலப் பகுதியிலே தமிழாசிரியனாய் இருக்கும் யான் ஓர் ஆங்கில நாவலாசிரியரின் வாழ்வை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. களுகங்கை நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய லக்கல ஊர் நீருக்குள் போயிற்று. அதற்கீடாகப் புது நகரம் அமைந்தது. வீடும் வயலும் மாறியவருட் சிலர் இன்னும் இரவில் நன்றாய் உறங்குவதில்லை. ஆசிரியர்க்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள கவலைகள் வேறு. கவலைக்கு ஒரு குளிசை என்னும் வழக்கம் இங்கு மெல்ல மெல்ல வேரூன்றி வருகின்றது. கல்வி அதிகாரிகள் வகுப்பைப் பார்வையிட வரும் நாளுக்கு முன்னிரவு மாத்திரம் அரைக் குளிசை எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரை யான் அறிவேன். இப்போது அதிகாரிகள் வாராத காலத்திலும் அவருக்கு அது வேண்டியிருக்கின்றது. எப்போதாவது ஒருமுறைதானே என்று அவர் இன்றும் சொல்லிக்கொள்கிறார். அந்த எப்போதாவது என்பது ஒரு மனிதரை எத்துணைத் தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வோவின் வாழ்க்கையினும் தெளிவான சான்றை யான் கண்டிலேன்.

வோ 1903ஆம் ஆண்டு ஒக்ரோபர் 28ஆம் நாள் இலண்டனிலே பிறந்தார். தந்தையார் ஆதர் வோ, டிக்கன்சின் நூல்களை வெளியிட்ட சப்மன் அன்ட் ஹோல் என்னும் பதிப்பகத்தின் தலைவர். தமையனார் அலெக் வோவும் நாவலாசிரியரே. புத்தக வாசனையில் வளர்ந்த ஈவ்லின், லான்சிங் கல்லூரியிலும் பின்னர் ஒக்ஸ்போர்ட்டிலும் பயின்றார். ஒக்ஸ்போர்ட்டிற் படிப்பைவிடக் குடியும் கேளிக்கையுமே மிகுந்தன. மூன்றாம் வகுப்பிலே தேறி வெளியேறினார். 1925இல் வேல்சு நாட்டிலே ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் ஆசிரியராகிப் பெரிதும் மனம் நொந்தார். ஒரு நாள் இரவு உயிரை விடத் துணிந்து கடலில் நீந்திப்போனவரைச் சொறிமுட்டை எனப்படும் கடலுயிர்கள் கடிக்க, வலி பொறாது கரைக்குத் திரும்பினார் என்பதைத் தம் தன்வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். வெளியே நகையும் உள்ளே நடுக்கமுமாய் அமைந்த அவர் இயல்பு அன்றே புலப்பட்டது.

1928இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. பலரும் எண்ணுவதுபோல அது நாவலன்று. ஒரு வாழ்க்கை வரலாறு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே ஓவியராயும் கவிஞராயும் புகழ்பெற்ற டான்றே கபிரியேல் ரொசெற்றி பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி அதனை அவர் எழுதினார். இந்த ரொசெற்றியின் கதையை இங்கே சிறிது சொல்லவேண்டும். அவர் மனைவி எலிசபெத் சிடால் 1862இல் அபின் கலந்த மருந்தை மிகுதியாய் உண்டு இறந்தார். துயரமும் உறக்கமின்மையும் வாட்டிய காலத்தில், ஏறத்தாழ 1870இலே, நண்பர் ஒருவர் ரொசெற்றிக்குக் குளோரல் என்னும் புதிய மருந்தை அறிமுகப்படுத்தினார். அதனை 1832இல் இயற்றியவர் ஜெர்மனிய இரசாயன அறிஞர் லீபிக். உறக்கந்தரும் ஆற்றல் அதற்கு உண்டென்று 1869இல் வெளியிட்டவர் லீப்றைக். ஆகவே ரொசெற்றி அருந்தத் தொடங்கியபோது அது ஓராண்டு வயதே ஆன அற்புதம். அதன் தீங்கை எவரும் அறிந்திலர். சிறிதாய்த் தொடங்கிய அளவு ஆண்டுதோறும் ஏறிற்று. கைப்பு நீங்க விஸ்கியும் சேர்ந்தது. 1872இலே அவர் சித்தங் கலங்கினார். தமக்கெதிராய் ஊரெல்லாம் சதி செய்கின்றதென்று நம்பினார். 1882 ஏப்ரல் 9ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, இறந்தார்.

இத்தனையையும் இருபத்து நான்கு வயதிலே ஆராய்ந்து நூலாக எழுதியவர் வோ. குளோரல் ஒரு மேதையை எவ்வாறு தின்றது என்பதை இங்கிலாந்திலே அவரைப்போல் அறிந்த எழுத்தாளர் வேறு ஒருவர் இருந்திருப்பாரா என்பது ஐயமே. வோவின் வாழ்விலே யான் மிகவும் கருதிப் பார்ப்பது இதனையே.

ரொசெற்றி வரலாறு வந்த அவ்வாண்டிலேயே அவருடைய முதல் நாவலும் வெளிவந்து புகழைத் தந்தது. முதல் மணம் ஓராண்டிலே முறிந்தது. 1930இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். 1937இல் லோறா ஹேபேட் என்பாரை மணந்து, குளொஸ்ரர்சயர்ப் பகுதியிலே பியேர்ஸ் கோட் என்னும் மாளிகையில் நாட்டுப்புறப் பெருமகனாய் வாழத் தொடங்கினார். உலகப் போரிலே கிரீற்றிலும் யூகோசிலாவியாவிலும் பணியாற்றினார். 1945இல் வெளிவந்த பிறைட்ஸ்கெட் நாவல் அமெரிக்காவிலும் அவர் பெயரை நாட்டியது. இவற்றையெல்லாம் விரிக்கிற் பெருகும்.

ஐம்பதை எட்டும்போது உடல் பருத்தது; மூட்டுகள் நொந்தன; வருவாய் பற்றிய கவலையும் வரி பற்றிய கவலையும் மிகுந்தன. உறக்கம் வரவில்லை. உறக்கமின்மை அவருக்குப் புதியதன்று. அதற்கு அவர் பல்லாண்டுகளாகக் கைக்கொண்ட பரிகாரமும் புதியதன்று. குளோரலும் புரோமைட்டும் சேர்ந்த கலவையே அது. 1957இல் தாம் எழுதிய ‘கில்பேட் பின்போல்டின் கடுஞ்சோதனை’ என்னும் நாவலிலே, பெயரை மாற்றித் தம் கதையையே சொல்வதாக நண்பர்களிடம் அவர் ஒளியாமற் கூறினார். அந்நாவலின் நாயகன் பழைய மருந்துச் சீட்டொன்றைக் காட்டிக் கலவையைத் தொடர்ந்து வாங்குகிறான். நீர் சேர்க்காமற் கெட்டியாகத் தரச் செய்து, புதினா மணங்கொண்ட இனிப்பு மதுவைத் தானே சேர்க்கிறான். அளந்து ஊற்றுவதில்லை, மனம் வேண்டிய அளவே அளவு. நடுச்சாமத்தில் விழித்தால் தள்ளாடியபடி எழுந்து மீண்டும் ஊற்றுகிறான். ஊர் வைத்தியர் மூட்டு நோவுக்குக் குளிசை தருகிறார். அவரிடம் இந்தக் கலவையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று எண்ணியன்று. அது சொல்லத்தக்க செய்தியென்றே அவனுக்குத் தோன்றவில்லை. நீண்ட நாட் பழக்கம் மருந்தாகக் கணக்கில் வருவதில்லை போலும்.

புரோமைட்டைப் பற்றியும் சிறிது அறிதல் வேண்டும். வலிப்பு நோய்க்கு 1857 முதல் வழங்கிய அவ்வுப்பு, பின்னர் மனவமைதி தரும் மருந்தாய் வீடுதோறும் புகுந்தது. எத்துணைச் சாதாரணமாயிற்று என்றால், சாரமற்ற பழஞ்சொல்லை ஆங்கிலத்திலே புரோமைட்டு என்றே அழைக்கலாயினர். உடல் அதனை நாம் உண்ணும் கறியுப்பிலுள்ள குளோரைட்டு என்று மயங்கி இருத்திக்கொள்கின்றது. குடித்ததிற் பாதி வெளியேறவே பன்னிரண்டு நாள் வரை செல்லும். எனவே ஒவ்வோரிரவும் அருந்துபவன் நேற்றையதன்மேலும் முன்னாளையதன்மேலும் ஊற்றிக்கொண்டிருக்கிறான். அது நிரம்பியபின் மறதி, தடுமாற்றம், ஐயுறவு, இறுதியில் இல்லாதன காண்டலும் கேட்டலும் வந்து சேரும்.

வோவுக்கு அந்நாள் வந்தது. 1953 நவம்பரிலே அவருடைய பேட்டியொன்றை இங்கிலாந்து வானொலி ஒலிபரப்பிற்று. கேள்வி கேட்டோர் தம்மை இழிவுபடுத்த முயன்றனர் என்று அவர் உள்ளூரக் குமைந்தார். குளிர்காலத்தைக் கழித்து நின்றுபோன நாவலை எழுதி முடிக்கலாமென்று கருதி, 1954 ஜனவரி இறுதியில் ‘ஸ்ரபோட்சயர்’ என்னும் கப்பலிலே தனியே இலங்கைக்குப் புறப்பட்டார். கப்பலறையின் சுவர்களுக்கப்பாலிருந்து குரல்கள் கேட்கத் தொடங்கின. அவை அவரை ஏசின, எள்ளின, அவர் மறைவாக அஞ்சிய பழிகளையெல்லாம் எடுத்துரைத்தன. பேட்டி கண்ட வானொலிக்காரரே ஏதோ பொறியொன்றின் வழியாகத் தம் சிந்தனையைப் படிக்கிறார் என்று அவர் முடிவுகட்டினார். போர்ட் செயிற்றிலே கப்பலை விட்டிறங்கி, கெய்ரோ வழியாக வானூர்தியிற் கொழும்பு வந்தார். குரல்கள் கப்பலோடு போய்விடவில்லை, கூடவே வந்தன. இங்கிருந்தும் மனைவிக்கு அவர் கடிதம் எழுதினார். நடை பிறழாத, தருக்கம் வழுவாத கடிதங்கள். அவற்றிற் கூறிய பொருள் மாத்திரமே முழுப்பிரமை. எழுதுந் திறம் குன்றாமலே அறிவு மயங்கக்கூடும் என்பது எம்போன்ற மொழியாசிரியர் நினைவிற் கொள்ளத்தக்கது.

அம்மையார் அவரை அழைத்துவரத் தாமே புறப்பட எண்ணியிருக்கையில் அவர் இலண்டன் திரும்பினார். பகைவரென்று அவர் கருதிய வானொலிக்காரர் அக்கப்பலிற் சென்றவரே அல்லர் என்பதை அம்மையார் விசாரித்தறிந்து பொறுமையோடு எடுத்துரைத்தார். அந்த நாளிலே நண்பரான பிலிப் கரமன் அடிகளார் அழைக்கப்பட்டார். அவர் எரிக் ஸ்ரோஸ் என்னும் மனநோய் வைத்தியரை வரவழைத்தார். புரோமைட்டு நஞ்சே காரணமென்று வைத்தியர் கண்டறிந்து கலவையை நிறுத்தினார். குரல்கள் ஒழிந்தன. தமக்குப் பைத்தியம் இல்லை, நஞ்சுதான் என்று அறிந்தபோது வோ பெருமகிழ்ச்சி கொண்டு, கண்டார்க்கெல்லாம் கதையைச் சொல்லித் திரிந்தார்.

பெரும்பாலார் கதையை இவ்விடத்தில் முடித்துவிடுவர். மருந்து கெட்டது, நிறுத்தினார், நலமடைந்தார் என்பது கேட்க இனிது. ஆயின் கலவையை நிறுத்திய வைத்தியர் அதற்கு ஈடாகப் பரல்டிகைட்டு என்னும் வேறோர் உறக்க மருந்தை எழுதிக் கொடுத்தார். மூக்கைத் துளைக்கும் நாற்றமுடைய அதனையும் பிற உறக்க மருந்துகளையும் வோ பின்வந்த ஆண்டுகளிற் கைவிடவில்லை. நஞ்சு போயிற்று, தேவை போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதை இன்றைய மருத்துவம் விளக்குகின்றது. மூளைக்குத் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும் இயல்பு உண்டு. இம்மருந்துகள் அவ்வியல்புக்குத் துணைநிற்கின்றன. பாரஞ் சுமக்கப் பிறன் தோள் கிடைத்தவன் தன் தோளைத் தளர்த்திவிடுவதுபோல, துணை பெற்ற மூளையும் தன் முயற்சியைக் குறைக்கின்றது. பின்னர் மருந்து இல்லாத இரவிலே பாரம் முழுவதும் தளர்ந்த தோளின்மேல் விழுகின்றது. உறக்கமின்மையும் பதற்றமும் முன்னையிலும் பெரிதாய் மீள்கின்றன. அவ்வாறு மீள்வது மருந்து விட்டதன் விளைவென்று அவன் அறியான். தன் பழைய நோய் முற்றிவிட்டதென்று கருதி மீண்டும் சிமிழைத் திறக்கிறான். பலநாட் பழகியதைச் சடுதியாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் பிரமையும்கூட வரலாம். ஆதலால் அது வைத்தியர் மேற்பார்வையிற் சிறிது சிறிதாய்க் குறைக்கப்படவேண்டியது.

வோ வாழ்ந்திருந்தபோதே புதிய மருந்துகளும் வந்தன. 1960இல் லிபிரியமும், 1963இல் வாலியமும் கடைக்கு வந்தபோது, பழையவற்றின் தீங்கு இவற்றில் இல்லையென்றே உலகம் நம்பியது. ரொசெற்றியின் நண்பரும் குளோரலைப்பற்றி அவ்வாறே நம்பியிருப்பார். 1988இலே பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, இவ்வினத்து மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேற் கொடுக்கலாகாதென்று வைத்தியர்க்கு அறிவுறுத்தியது. 2020இலே அமெரிக்க மருந்து நிருவாகம், பழக்கப்பிடி பற்றிய எச்சரிக்கையை அவற்றின் குறிப்பிலே கட்டமிட்டு அச்சிடக் கட்டளையிட்டது. தக்க நோய்க்குத் தக்க காலம் வைத்தியர் தருமிடத்து இவை பயனுடையனவே. அதனை யான் மறுப்பேனல்லேன். அயல் வீட்டாரின் சிமிழிலிருந்து இரவல் வாங்கும் அரைக் குளிசையைப் பற்றியே என் பேச்சு.

1956இலே வோ சோமர்செற் பகுதியிற் கூம் புளோறி என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். போரைப் பற்றிய மூன்று நாவல்களின் வரிசையை 1961இல் முடித்தார்; இலங்கைப் பயணத்தில் எழுதக் கொண்டுவந்தது அவற்றுள் இரண்டாவதே. அதன்பின் ஊக்கம் தளர்ந்தது. உணவு செல்லவில்லை, பற்களைக் களைந்த பின்னர் அது மேலும் குறைந்தது. அறுபத்திரண்டு வயதிலே எண்பது வயதினர்போற் காணப்பட்டார்.

1966 ஏப்ரல் 10ஆம் நாளும் ஓர் உயிர்த்த ஞாயிறே. அன்று காலை பக்கத்து ஊர்ச் சிற்றாலயத்திலே குடும்பத்தோடு இலத்தீன் பூசையிற் கலந்துகொண்டு மனமகிழ்ந்திருந்தார். பூசையை நிகழ்த்தியவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இலண்டனிலே வைத்தியரை அழைப்பித்த அதே கரமன் அடிகளார். வீடு திரும்பிய சிறிது நேரத்தில் வோ நெஞ்சடைத்து உயிர் துறந்தார்.