கடலோடு போன மேதை: டீசல் என்ஜினைத் தந்தவரின் கதை

பழவேற்காடு முகத்துவாரத்தில் பொழுது விடியும் முன்பே ஓர் ஓசை கேட்கும். லைட் ஹவுஸ் குப்பத்து மீனவர்களும் கூனங்குப்பத்து மீனவர்களும் பைபர் படகின் என்ஜினை முடுக்கிக் கடலுக்குப் புறப்படும் ஓசை அது.

ஒரு காலத்தில் இங்கே பாய்மரமும் துடுப்பும்தான் துணை. காற்று வீசினால் படகு ஓடும். காற்று நின்றால் கை ஓயத் துடுப்புப் போட வேண்டும். பிறகு படகில் என்ஜின் ஏறியது. நீண்ட இரும்புத் தண்டின் முனையில் விசிறி சுழன்றது. காற்றை எதிர்பார்த்துக் கரையில் காத்திருந்த காலம் போயிற்று.

அந்த என்ஜினுக்கு ஊற்றும் எண்ணெயை டீசல் என்கிறோம். லாரிக்கும் டிராக்டருக்கும் அதுவே தீனி. ஆனால் டீசல் என்பது முதலில் எண்ணெயின் பெயர் அல்ல. ஒரு மனிதரின் பெயர்! அவர் முழுப்பெயர் ருடால்ப் டீசல். அவருடைய என்ஜின் கடலை வென்றது. அவரையோ கடல் கொண்டுபோயிற்று.

கைவண்டிச் சிறுவன்

1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரிஸ் நகரில் ருடால்ப் பிறந்தார். தந்தை தியோடர் தோல் சாமான் செய்கிறவர். தாய் எலிஸ். ஜெர்மனியின் பவேரியாப் பகுதியிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். வருமானம் சொற்பம். செய்த சாமான்களைக் கைவண்டியில் வைத்து வாடிக்கைக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்பின் வேலை.

ஓய்வு கிடைத்தால் பாரிஸில் உள்ள எந்திரக் காட்சிசாலைக்கு ஓடிவிடுவான். மிகப் பழைய நீராவி வண்டி ஒன்று அங்கே இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பான்.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாரிஸில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போய் வறுமையில் வாடியது. 12 வயது மகனைத் தாய் ஜெர்மனியில் உள்ள ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு, உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அங்கே சித்தப்பா முறையானவர் ஒரு தொழிற்பள்ளியில் கணக்கு ஆசிரியர். அந்தப் பள்ளியிலேயே ருடால்ப் சேர்ந்தான். 14 வயதிலேயே எந்திர நிபுணர் ஆவது என்று முடிவு செய்துவிட்டான்.

படிப்பை நிறுத்தி வேலைக்குப் போகும்படி பெற்றோர் சொன்னார்கள். ருடால்ப் இணங்கவில்லை. 1875-ல் உதவித்தொகை பெற்று மியூனிக் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார்.

சைக்கிள் பம்பு சொல்லும் பாடம்

மியூனிக்கில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் லிண்டே. குளிர்பதன எந்திரங்களில் பெயர் பெற்றவர். நீராவி எந்திரம் எவ்வளவு வீணானது என்பதை லிண்டே வகுப்பில் விளக்கினார். நிலக்கரியின் சூட்டை 100 பங்காக வைத்தால், சுமார் 10 பங்குகூட வேலையாக மாறுவது கிடையாது. மற்றதெல்லாம் புகையோடும் ஆவியோடும் போய்விடும். இந்த விஷயம் மாணவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்குத் தெரியும். வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை நெருக்கினால் அது சூடாகும் என்பது இயற்கையின் விதி. இன்னும் பலமாக நெருக்கினால் காற்று பழுக்கக் காய்ந்துவிடும். அந்த நேரத்தில் எண்ணெயைப் பீய்ச்சினால் அது தானே தீப்பற்றிக்கொள்ளும். தீக்குச்சியும் வேண்டாம், பொறியும் வேண்டாம். எரிந்து விரியும் காற்று, உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பெட்ரோல் என்ஜினில் தீப்பொறிக்குப் பிளக் வேண்டும். டீசல் என்ஜினில் அது கிடையாது. காரணம் இதுதான்.

1879-ல் பரீட்சை நேரத்தில் விஷக்காய்ச்சல் வந்து ருடால்ப் படுத்துவிட்டார். அடுத்த பரீட்சை வரும்வரை சும்மா இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் நகரில் உள்ள சுல்சர் தொழிற்சாலையில் கைவேலை பழகினார். 1880-ல் உயர்ந்த மதிப்பெண்ணுடன் தேறினார். பிறகு லிண்டேயின் குளிர்பதன எந்திரத் தொழிலில் உத்தியோகம் கிடைத்தது. 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன.

வெடித்தது, ஓடியது

உத்தியோகத்தில் இருந்தாலும் கனவு மட்டும் விடவில்லை. 1892-ல் தம் என்ஜினுக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தார். ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடம் கொடுத்தது.

1893-ம் ஆண்டு ஆகஸ்ட் 10-ந் தேதி முதல் சோதனை. எண்ணெய் தானே பற்றியது. ஆனால் அழுத்தம் தாங்காமல் அளவு பார்க்கும் கருவி வெடித்துச் சிதறியது. நல்லவேளையாக உயிர் தப்பினார். மற்றவராக இருந்தால் கையை உதறியிருப்பார்கள். டீசலுக்கோ நம்பிக்கை கூடிற்று. தானே தீப்பற்றும் என்று காகிதத்தில் போட்ட கணக்கு நிஜமாகிவிட்டது அல்லவா?

1894 பிப்ரவரியில் என்ஜின் சொந்தச் சக்தியில் ஒரே ஒரு நிமிடம் ஓடியது. அந்த ஒரு நிமிடத்தை நீட்டிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. 1897 பிப்ரவரி 17-ந் தேதி பேராசிரியர் ஒருவர் முறைப்படி சோதித்துப் பார்த்தார். எண்ணெயின் சூட்டில் 100-க்கு 26 பங்கு வேலையாக மாறியது. நீராவி எந்திரம் கனவிலும் காணாத கணக்கு அது! ஓர் ஆள் உயரத்தைத் தாண்டிய அந்த என்ஜினை மியூனிக் காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள்.

1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இன்னொரு புதுமை நடந்தது. அங்கே வைத்த டீசல் என்ஜின்களில் ஒன்று வேர்க்கடலை எண்ணெயில் ஓடியது. நாம் தாளிக்கும் அதே கடலை எண்ணெய்தான். வயலில் விளையும் எண்ணெய்க்கும் ஒரு காலம் வரும் என்று டீசல் பிற்காலத்தில் எடுத்துரைத்தார்.

சின்னத் தொழிலாளியின் கவலை

பெரிய நீராவி எந்திரத்தைப் பணக்கார முதலாளிதான் வாங்க முடியும். அதனால் தம் தந்தையைப் போன்ற சிறு பட்டறைக்காரர்கள் நசிந்துபோவதை டீசல் கண்டார். சின்ன என்ஜின் ஒன்று கைக்கு வந்தால், நெசவாளியும் தச்சரும் தம் வீட்டிலேயே தொழில் செய்து பிழைக்கலாம் என்று எண்ணினார்.

1903-ல் ஒரு புத்தகமும் எழுதினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேமித்துத் தாங்களே தொழிற்சாலைகளுக்குச் சொந்தக்காரர் ஆக வேண்டும் என்பது அதன் சாரம். பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்த எண்ணம் அந்நியம் அல்ல. ஏரியில் வலை போடும் இடத்தை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறை இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. ஆனால் ஐரோப்பாவில் அந்தப் புத்தகத்தைச் சீந்துவார் இல்லை.

என்ஜினையும் பெரியவர்களே முதலில் அள்ளிக்கொண்டார்கள். தொழிற்சாலைகளும் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் அதை ஏற்றுக்கொண்டன. 1912-ல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் டீசல் என்ஜின் பலத்தில் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக் சென்றது. புகைபோக்கியே இல்லாத கப்பலைத் துறைமுகங்களில் மக்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசிப் பிரயாணம்

உரிமைகளை விற்றதில் டீசலுக்குப் பெரும் பணம் வந்தது. மியூனிக்கில் மாளிகை கட்டினார். ஆனால் வழக்குகள் வந்தன. உடம்பு கெட்டது. நிலத்திலும் வேறு முதலீடுகளிலும் போட்ட பணம் கரைந்தது. ஊருக்கு மாளிகை தெரிந்தது. உள்ளே கடன் ஏறிக்கொண்டே இருந்தது.

1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். லண்டனில் ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டும். நண்பர்களுடன் சாப்பிட்டார். காலையில் எழுப்பும்படி சொல்லிவிட்டு அறைக்குப் போனார். காலையில் அறை காலி. படுக்கை கலையவில்லை. தொப்பியும் மேல்சட்டையும் மேல்தளத்துக் கம்பி ஓரமாக மடித்து வைத்திருந்தன. அவருக்கு வயது 55.

சில நாட்கள் கழித்து டச்சுப் படகு ஒன்றில் சென்றவர்கள் ஒரு சடலம் மிதப்பதைக் கண்டார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டுக்கு அறிமுகமானவர்கள்தாம். 1613-ல் இங்கே கோட்டை கட்டியவர்கள். அவர்கள் கல்லறைகள் இன்றும் ஊரில் உள்ளன. அந்தப் படகுக்காரர்கள் சட்டைப் பையில் இருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு, சிதைந்த உடலைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். அவை தம் தந்தையின் பொருள்களே என்று மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார். சதி என்று சிலர் பேசினார்கள். கடன் சுமையால் தாமே உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதே பலர் முடிவு. ஒருவரிடமாவது மனம் விட்டுப் பேசியிருந்தால் ஒரு வழி பிறந்திருக்கலாம்.

அவருக்குப் பின்

டீசல் கைவேலை பழகிய வின்டர்தூரில், அதே 1879-ல், ஒரு குழந்தை பிறந்தது. பெயர் ஆல்பிரட் பூக்கி. என்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதனால் உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும் வழியை 1905-ல் காட்டியவர் அவரே. அதுதான் டர்போ. மூச்சு கூடினால் பலம் கூடும். அதே அளவு என்ஜின் அதிக வேலை செய்யும்.

இன்று பழைய காரை வாங்கி, அதன் என்ஜினை இறக்கிவிட்டு, டர்போ வைத்த டீசல் என்ஜினை வீட்டு வாசலிலேயே பூட்டிப் பார்க்கும் இளைஞர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காற்றைப் பலமாக நெருக்குவதால் டீசல் என்ஜினின் சுவர்கள் தடித்தவை. எடை அதிகம். தாங்கும் கட்டை, கிளச்சு, ரேடியேட்டர் எல்லாம் அதற்கு ஈடாக இருக்க வேண்டும். போக்குவரத்து அதிகாரியின் அனுமதியும் வாங்க வேண்டும்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூரில் டீசல் லாரிகள் உருவாகின்றன. குப்பத்து மணலில் சாக்கை விரித்து, தம் படகின் என்ஜினைத் தாமே கழற்றித் துடைத்து மாட்டும் இளைஞர்களைப் பார்க்கலாம். பிடித்த மீனை விற்ற பணத்தில் டீசல் செலவு போகத்தான் பங்கு. என்ஜின் கவலையைத் தீர்த்துவிடவில்லை. ஆனாலும் அது முதலாளியின் கொட்டகையில் இல்லை. மீனவர் படகில் இருக்கிறது. கைவண்டி தள்ளிய அந்தச் சிறுவன் விரும்பியதும் அதுதான்.