கிறீன் வைத்தியரும் அவர்தம் மாணாக்கரும்

பெருங் காரியமொன்றைத் தொடங்குவோனுக்குப் பொருள் வேண்டும், அறிவு வேண்டும், காலமும் இடமும் வாய்க்க வேண்டும் என்பர். இவையனைத்தும் வாய்த்திருந்தும் இடையிற் சிதைந்த முயற்சிகள் உலகிற் பல. பணம் கொடுப்போர் விரும்புவது ஒன்று. கூடி உழைப்போர் நாடுவது மற்றொன்று. பயன்பெற வேண்டிய மக்கள் எதிர்பார்ப்பது வேறொன்று. இந்த மூவகையினரையும் ஒரே பாதையில் நெடுநாள் நடத்திச் செல்வதே தலைவனுக்குரிய சோதனை. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவரின் வரலாற்றை நான் படிக்குந்தோறும் இந்தச் சோதனையே என் சிந்தையை நிறைக்கின்றது. மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கொணர்ந்தவர் என அவரை நம்மவர் பலரும் அறிவர். அக்காரியத்தை அவர் யார் யாரைக் கொண்டு, யார் யாரோடு இணங்கியும் பிணங்கியும் நடத்தினார் என்பது அத்துணை அறியப்படவில்லை.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆந் தேதி, அமெரிக்காவில் மசாச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் நல்லூரிலே பிறந்தவர் ஆறுமுக நாவலர். ஒருவர் கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்தவர். மற்றவர் சைவத்தைக் காக்க எழுந்தவர். நோக்கத்தால் எதிரெதிர்த் திசையில் நின்ற இவ்விருவரும், அறிவைத் தமிழ் உரைநடையிற் சொல்லிப் பரப்ப இயலும் என்ற நம்பிக்கையிலே ஒன்றுபட்டவர்கள். 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே ஆண்டிலேதான் கிறீன் மானிப்பாயிற் குடியேறினார். இரண்டு ஊர்களுக்குமிடையே சில கல் தொலைவே உண்டு.

கிறீனின் தமையனார் அன்றூ கிறீன் என்பவரும் பெருங் காரியங்களை நடத்தியவர். நியூயோர்க் நகரின் நடுவே பெரும் பூங்கா அமைந்தபோது அதன் ஆணைக்குழுவிலே முதன்மை பெற்று, பின்னர் 1898இல் சுற்றுப்புறங்கள் இணைந்து அகன்ற நியூயோர்க் உருவாவதற்குப் பெருங் காரணராய் விளங்கினார். பூங்காவைத் திட்டமிட்ட ஓம்ஸ்ரெட் என்பார், காசு ஒவ்வொன்றுக்கும் இவர் கணக்குக் கேட்கின்றார் என்று சலித்துக்கொண்டதாக அறிகின்றோம். தமையனார் கையில் மாநகரொன்றின் செல்வம் இருந்தது. தம்பியார் கையில் மிஷன் அனுப்பிய சிறு பணமும் சில மாணவருமே இருந்தனர்.

யாழ்ப்பாணம் வருதல்

அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கியது 1816இல். மருத்துவப் பணிக்கு வித்திட்டவர் பண்டத்தரிப்பில் வாழ்ந்த ஜோன் ஸ்கடர். அவருக்குப் பின் வந்தவர் நேதன் வார்ட். வார்டின் இடத்துக்கு 1847ஆம் ஆண்டு அக்டோபரிலே கிறீன் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று இரண்டாண்டுகளே கழிந்திருந்தன. முதலில் வட்டுக்கோட்டையில் தங்கித் தமிழ் கற்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு மாறினார்.

ஒரு மருத்துவர் எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க இயலும்? பேதியும் அம்மையும் ஊரூராய்ப் பரவிய காலம் அது. தம் இரு கைகள் போதா என்பதை இளம் மருத்துவர் விரைவில் உணர்ந்தார். எனவே வந்த மறு ஆண்டே சில மாணவரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கலானார். போதனை ஆங்கிலத்தில் நடந்தது. மாணவர் வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் பயின்றவர்கள். டான்வர்த், சாப்மன், போல் என அம்மாணவரின் பெயர்களைக் காண்கையில் மேனாட்டவரோ எனச் சிலர் மயங்குவர். அவர்கள் நம்மூர்த் தமிழரே. மிஷன் விடுதிப் பள்ளிகளிற் பிள்ளைகளின் உணவுக்கும் படிப்புக்கும் பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளிகளின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது அந்நாள் வழக்கம். உதவியவர் பெயரை உயிருள்ளளவும் சுமக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போது, இக்காரியத்திற் பணம் கொடுத்தோரின் நிழல் எத்துணை நீளமானது என்பது நமக்கு விளங்கும்.

அந்த நிழல் 1855இல் மேலும் கனத்தது. மிஷனின் தலைமைச் செயலாளர் றூபஸ் அன்டர்சன் என்பார் அமெரிக்காவிலிருந்து வந்து நிலைமையை ஆராய்ந்தார். ஆங்கிலக் கல்வி உத்தியோகத்தர்களை உண்டாக்குகின்றதேயன்றி, ஊழியர்களை உண்டாக்கவில்லை என்பது அவர் முடிபு. 1823இல் தோன்றிப் புகழோங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. யாழ்ப்பாணத்தார் வருந்தினர், கற்பித்த மிஷனரிமாரிற் சிலருங்கூட மனம் நொந்தனர். தூரத்திலிருந்து பொருளுதவுவோருக்கும் அருகிலிருந்து உழைப்போருக்கும் கருத்து வேறுபட்டால் என்ன நேரும் என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு சான்று. கிறீன் இதையெல்லாம் அருகிருந்து கண்டவர்.

தமிழைத் தேர்ந்த துணிவு

பத்தாண்டு உழைப்பிலே உடல் தளர்ந்து தாயகம் சென்ற கிறீன், 1862இல் மனைவியார் மார்கரெட்டுடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். இம்முறை அவர் உள்ளத்தில் உறுதியானதொரு திட்டம் இருந்தது. இனி மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிப்பது என்பதே அது. 1864இல் தமிழ் வகுப்புத் தொடங்கியது.

மேற்பார்வைக்கு இது அன்டர்சன் வகுத்த கொள்கைக்கு அடங்கிய செயலாகத் தோன்றும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சாதாரண மக்களுக்கு வேண்டிய அளவு கல்விக்குத் தமிழ் போதும் என்றது அக்கொள்கை. மிக உயர்ந்த கல்வியையும் தமிழ் தாங்கும் என்றார் கிறீன். முன்னது கதவைச் சாத்தியது. பின்னது புதிய கதவொன்றைத் திறக்க முயன்றது. தம்மை அனுப்பியவர்களின் கொள்கைச் சட்டத்துக்குள்ளே நின்றுகொண்டே, அவர்கள் எண்ணியிராத உயரத்துக்கு அதைக் கொண்டுசெல்ல அவர் முனைந்தார்.

அவர் இத்திட்டத்தை மேற்கொண்டதற்கு அனுபவமே காரணம். ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் பலர் அரசாங்க ஊதியத்தை நாடி வேற்றூர்களுக்குச் சென்றனர். தமிழிற் பயின்றவரோ தம் கிராமத்திலேயே தங்கித் தம் சனங்களுக்கு வைத்தியம் பார்ப்பர் என்பது கிறீனின் கணக்கு. தமிழ்க் கிறிஸ்தவன் உணவிலும் உடையிலும் தமிழனாகவே இருத்தல் வேண்டும். மேற்சட்டையும் காற்சட்டையும் அணிந்து தன் இனத்தாருக்கு அந்நியனாகிவிடக் கூடாது என்பதும் அவர் கொள்கை. அந்நாள் மிஷனரி ஒருவரிடத்தில் இவ்வெண்ணம் இருந்தது வியப்புக்குரியதே.

ஆனால் மாணவர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்து இவ்வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. ஆங்கிலம் அக்காலத்தில் உத்தியோகத்தின் திறவுகோல். சிறு நிலமும் பெருங் குடும்பமும் உடைய வீட்டிலிருந்து வந்த இளைஞன், அத்திறவுகோலைக் கைவிட்டுக் கிராம வைத்தியனாக வாழ்க என்று பணிக்கப்படும்போது என்ன எண்ணியிருப்பான்? ஆங்கிலமறிந்த ஒருவர் ஆங்கிலத்தை விடும்படி அறிவுரை கூறுவது எளிது. அதன் விலையைச் செலுத்துபவன் மாணவன். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நானும், பிள்ளைகளின் நன்மை இதுவே என நாம் முடிவு செய்யும் வேளைகளில் இக்கேள்வியை எண்ணிப் பார்ப்பதுண்டு. கிறீனின் நோக்கம் தூயது. எனினும் அந்த நோக்கத்தின் சுமையிற் பெரும்பங்கு பிறர் தோளில் விழுந்தது. தலைமை தாங்குவோர் எவரும் கடக்க முடியாத இடர் இது.

மாணாக்கரே ஆசிரியராயினர்

இந்த இடரைக் கிறீன் எவ்வாறு எதிர்கொண்டார் என்பதிலேதான் அவருடைய மனிதத்தன்மை வெளிப்படுகின்றது. அவர் மாணவரைத் தம் கட்டளையை நிறைவேற்றுவோராக வைத்திருக்கவில்லை. தம் பணியின் பங்காளராக்கினார். தமிழிற் பாட நூல்கள் வேண்டும். அவற்றை ஒரு வெளிநாட்டார் தனித்து எழுதுதல் இயலாது. டான்வர்த், சாப்மன், போல் முதலிய பழைய மாணவர்கள் மொழிபெயர்த்தனர்; கிறீன் ஒப்பு நோக்கித் திருத்தினார். நேற்று வகுப்பிற் கேள்வி கேட்டவன் இன்று நூலாசிரியனானான்.

கலைச்சொல்லாக்கத்திற்கு அவர் வகுத்த முறை இன்றும் நினைக்கத்தக்கது. முதலில் தமிழிலே உரிய சொல் உண்டோ எனத் தேடுதல்; இல்லையேல் சமஸ்கிருதத்தை நாடுதல்; அதிலும் கிடையாதாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசைய அமைத்துக்கொள்ளுதல். உடலமைப்பைக் கூறும் நூலுக்கு அங்காதிபாதம் எனப் பெயரிட்டார். உடலுறுப்புகளின் தொழிலைக் கூறும் நூல் சுகரணம் ஆயிற்று. அறுத்துச் செய்யும் வைத்தியம் இரண வைத்தியம் எனப்பட்டது. மூன்றாம் விதியின்படி பிறந்த பெயரே கெமிஸ்தம். இன்று நாம் உடற்றொழிலியல் என்றும், சத்திரசிகிச்சை என்றும், இரசாயனவியல் என்றும் வழங்குகின்றோம். அவர் சொற்களிற் பல வழக்கொழிந்தன. ஆயினும் ஒரு சொல்லைத் தேடுமுன் எங்கே தேடுவது, எந்த வரிசையில் தேடுவது என்று ஒழுங்கு செய்துகொண்டமை பெருஞ் சிறப்பு. பலர் கூடிச் செய்யும் பணியில் ஆளுக்கொரு சொல் வழங்கினால் நூல் நூலாகாது. விதி ஒன்று இருந்தாற் பூசலும் குறையும். பண்டிதர் முகம் சுளிக்கக்கூடிய வடிவங்களும் அந்நூல்களில் உண்டு. ஆனால், சொல் அழகாயமையும்வரை காத்திருக்க நோயாளிக்கு நேரமில்லை.

கட்டர் எழுதிய நூலைத் தழுவி, அங்காதிபாதமும் சுகரணமும் சுகாதாரமும் அடங்கிய நூல் 1852இல் முதலில் வெளிவந்தது. 1857இற் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் எனப் பெருநூல்கள் தொடர்ந்தன. கிறே என்பாரின் உடற்கூற்று நூல் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கு ஆண்டுகளுக்குள் அது மானிப்பாயிலே தமிழுருவம் பெற்று அச்சேறியது. இன்று நாம் எத்தனை அறிவியல் நூல்களை இத்துணை விரைவிற் பெயர்க்கின்றோம் என எண்ணும்போது நாணமே மேலிடுகின்றது.

கடல் கடந்தும் விடாத பணி

1873இற் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நிரந்தரமாய்ப் புறப்பட்டார். அவர் பயிற்றிய மருத்துவர் அறுபதுக்கு மேற்பட்டோர். பெரும்பாலான தலைவர்களின் பணி அவர்கள் கப்பலேறும் நாளோடு முடியும். இவருடையது முடியவில்லை. மாணவர் இங்கிருந்து மொழிபெயர்ப்புகளை அனுப்ப, அவர் வூஸ்டரிலிருந்து திருத்தி மீட்டனுப்பினார். ஒரு கடிதம் போய் மறுமொழி வருவதற்கு மாதங்கள் கழிந்த காலம். 1875இற் கெமிஸ்தம் நாகர்கோவிலில் அச்சாயிற்று. 1883இல் மனுஷ சுகரணம் வெளிவந்தது. 1884இல் இந்து பதார்த்த சாரம் வந்தது. யாவும் சேர்ந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். கண்காணிக்க ஆளில்லாதபோதும் மாணவர் உழைத்தார்கள் என்பது ஆசிரியருக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்றிதழ். பயத்தாற் செய்த வேலையாயின் கப்பல் மறைந்த அன்றே நின்றிருக்கும்.

ஆயினும் காலத்தின் போக்கு அவருக்கு மாறாக இருந்தது. 1870இற் கொழும்பிலே அரசாங்க மருத்துவக் கல்லூரி தொடங்கியது; அங்கே போதனாமொழி ஆங்கிலம். சம்பளமும் பதவியும் அவ்வழியே சென்றன. மாணவரும் அவ்வழியே சென்றனர். கிறீனுக்குப் பின்னர் மானிப்பாயின் தமிழ் மருத்துவ வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. அரசாங்கத்தின் ஆதரவின்றி ஒரு தனிமனிதரின் அன்பும் அவர் மாணவரின் விசுவாசமும் மட்டும் ஒரு கல்விமுறையைத் தாங்கி நிற்றல் அரிது. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தோன்றியது 1978இல். அங்கும் ஆங்கிலமே போதனாமொழி. பள்ளிக்கூடத்தில் தமிழில் அறிவியல் கற்கும் நம் பிள்ளைகள், மருத்துவம் பயிலச் செல்லும்போது மொழி மாறியே செல்கின்றனர்.

1884ஆம் ஆண்டு மே 28ஆந் தேதி கிறீன் வூஸ்டரிற் காலமானார். தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியராய் இருந்தவர் என்ற செய்தி தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென்பது அவர் விருப்பம்; அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. தமிழரைக் கண்டறியாத ஊரில், தமிழர் பெயரைத் தாங்கிய கல்லொன்று நிற்கின்றது. இங்கே மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை விளங்குகின்றது.

அவர் முயற்சி வென்றதா, தோற்றதா? வகுப்பு மறைந்தமையால் தோற்றதென்பர் சிலர். நூல்கள் உளவாதலால் வென்றதென்பர் வேறு சிலர். என் கணக்கு வேறு. நூலின் முகப்பில் ஆசிரியர் பெயரைக் காணும் நாம், உள்ளே மொழிபெயர்த்தோர் பெயரைத் தேடுவதில்லை. டான்வர்த்தும் சாப்மனும் போலும் இரவல் பெயரோடு வாழ்ந்து, சொந்த மொழியில் அறிவியல் எழுதிய முதல் தலைமுறையினர். தம்மைவிடத் தம் பணி நீடிக்க வேண்டுமென எண்ணிய ஒருவர் அவர்களை நம்பினார்; அவர்களும் அந்நம்பிக்கைக்குப் பழுது வராமற் காத்தனர். நம் நூல்நிலையங்களில் எஞ்சியிருக்கும் அந்தப் பழைய ஏடுகளை எடுத்துப் பார்க்கும் மாணவர்கள், அட்டையிலுள்ள பெயரோடு நின்றுவிடாமல் அடுத்த பக்கத்தையும் புரட்டுவார்களாக.