பகா எண்களில் ராமானுஜன் சறுக்கியது எங்கே? காவிரிக்கரை மேதையின் அதிகம் பேசப்படாத கதை!

ஈரோட்டைத் தாண்டி வரும் காவிரி, ஜேடர்பாளையம் படுகை அணையில் கொஞ்சம் தேங்கி, கொடுமுடி பக்கம் போய், கடைசியில் கும்பகோணத்தையும் தொடுகிறது. கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கையும் இதே ஆற்றோடுதான் போச்சு. 1887 டிசம்பர் 22-ல் பிறந்தது ஈரோட்டில், வளர்ந்தது கும்பகோணத்தில். குடும்பமே கும்பிட்ட நாமகிரித் தாயார் இருப்பது நாமக்கல்லில்.

1729 டாக்சி கதை எல்லோருக்கும் தெரியும், அதை விடுங்க. இது அவர் தப்பு பண்ணின கதை.

கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் தேறாததால் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய் சம்பளம். அடுத்த ஆண்டு ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் இருந்த பெரிய விஷயங்களில் ஒன்று பகா எண்கள் பற்றியது.

பகா எண் என்றால் 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண். 2, 3, 5, 7 இப்படி. 1000-க்குள் 168 இருக்கு. ஒவ்வொன்றாக எண்ணாமலேயே இந்த எண்ணிக்கையைச் சொல்லும் ஃபார்முலா தன்னிடம் இருப்பதாகவும், எவ்வளவு பெரிய எண்ணுக்குப் போனாலும் பிழை பெருகாது என்றும் ராமானுஜன் நம்பினார்.

1000-க்குப் போட்டால் அந்த ஃபார்முலா 168-ஐ ஒட்டியே விடை தரும். ஒரு கோடிக்குள் உண்மையில் இருப்பது 6,64,579. ஃபார்முலா 88 கூடுதலாகக் காட்டும். ஆயிரம் கோடிக்குப் போனால் 1,828 குறையும். 45 கோடிக்கும் மேற்பட்ட பகா எண்களில் இது தூசுதான், ஆனா பிழை பெருகாதுன்னு சொன்னது பொய்த்துப்போச்சு.

எங்கே சறுக்கல்? பகா எண்களின் எண்ணிக்கை இப்படி முன்னும் பின்னும் அலைபாய்வதற்குக் காரணம், ஜீட்டா சார்பின் கலப்பெண் பூச்சியங்கள். அவற்றை ராமானுஜன் கணக்கில் எடுக்கவே இல்லை. அதேசமயம் ஒன்றைச் சொல்லியாகணும். 1859-ல் ஜெர்மனியின் ரீமான் எட்டிய ஃபார்முலாவின் முக்கியப் பகுதியை, வழிகாட்ட யாருமே இல்லாமல் இவர் தனியாகப் பிடித்திருந்தார்.

ஹார்டி கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை, நிரூபணம் கேட்டார். 1914 மார்ச்சில் கப்பல் ஏறிய ராமானுஜன், கேம்பிரிட்ஜில் ஹார்டி, லிட்டில்வுட் ஆகியோருடன் இருந்து நிரூபிக்கும் முறைகளைக் கற்றார். தாயார் கனவில் வந்து விடை சொன்ன கதையை ஆண்டுதோறும் ஷேர் பண்றோம். இந்த உழைப்பைப் பற்றி ஏனோ பேசுவதே இல்லை.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். உடம்பு கெட்டு 1919-ல் ஊர் திரும்பியவர், கொஞ்ச காலம் தங்கியது கொடுமுடியில். அதாவது ஜேடர்பாளையத்துக்குக் கீழே, காவிரியின் எதிர்க்கரை.

அதே 1919-ல் அவருடைய இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று இந்தியக் கணிதச் சங்க இதழில் வெளியானது. 1-ஐவிடப் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும், அதற்கும் அதன் இரு மடங்குக்கும் நடுவில் ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்பதற்கான நிரூபணம் அது. ரஷ்யாவின் செபிஷேவ் முன்பே நிரூபித்ததுதான், ஆனால் ராமானுஜனின் வழி ரொம்பச் சுருக்கம். இந்த முறை எந்தப் பெரிய எண்ணும் அவரைக் கவிழ்க்க முடியாது. அதில் வரும் 2, 11, 17, 29, 41 என்ற வரிசைக்கு இப்போது ராமானுஜன் பகா எண்கள் என்றே பெயர்.

1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மிகப்பெரிய பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள். அதற்கும் அதன் இரு மடங்குக்கும் இடையில் இன்னொரு பகா எண் நிச்சயம் உண்டு என்று அந்த இரண்டு பக்கம் சொல்லிவிடுகிறது. அது எந்த எண் என்பதைத்தான் தேடிப் பிடிக்கணும்.