காமா பயில்வான்

மல்யுத்தம் இருவர் பொருதும் கலையேயாயினும், அதற்குரிய பயிற்சியிற் பெரும்பகுதி ஒருவன் தனித்து நின்று செய்வதாகும். இவ்வுண்மைக்குக் காமா பயில்வானின் வாழ்க்கையினுஞ் சிறந்த சான்றினை யாம் அறியோம்.

1878 ஆம் ஆண்டு பஞ்சாப்பில், முஸ்லிம் மல்லர் குடும்பமொன்றிற் பிறந்த அன்னாரின் இயற்பெயர் குலாம் முகம்மது பக்ஷ் என்பதாம். இளமையிலேயே தந்தையை இழந்து, மல்லர்களாகிய தாய்வழி உறவினரின் ஆதரவில் வளர்ந்தார். 1888 இல் ஜோத்பூர் அரசர் நடத்திய பஸ்கிப் போட்டியில் 400 க்கு மேற்பட்ட மல்லர் கலந்துகொண்டனர். இறுதிவரை நின்ற பதினைவருள் பத்து வயதுச் சிறுவனான காமாவும் ஒருவர். அரசர் அவரையே முதல்வராக அறிவித்தார்.

நாளொன்றுக்குத் தண்டால் மூவாயிரமும் பஸ்கி ஐயாயிரமும் எடுத்தாரென்பர். எண்ணிற் பாதியைத் தள்ளினும் எஞ்சுவது நம்மனோரை மலைக்கச் செய்யும்! தண்டால் வெறுந் தோட்பயிற்சியன்று. கையுங் காலும் நிலத்தில் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, மார்பு மண்ணை உரசுமாறு தாழ்ந்து முன்சென்று, பாம்பு படமெடுத்தாற்போல் நிமிரவேண்டும். கீழே வீழ்ந்த மல்லன் எதிரியின் பாரத்தைத் தாங்கி எழுவதற்கும், மேலிருப்பவன் கீழுள்ளவனை அழுத்துவதற்கும் வேண்டிய அசைவுகள் இவையே. எதிரியின்றியே எதிரியை நினைந்து செய்யும் பயிற்சி இது.

1910 இல் காமா இலண்டன் சென்றார். உயரங் குறைந்தவரென முதலில் அவரைப் புறக்கணித்தனர். பின்னர் அமெரிக்க மல்லர் ரோலரை வீழ்த்தி, செப்டெம்பர் 10 ஆம் நாள் போலந்து வீரர் ஸ்பிஸ்கோவை எதிர்கொண்டார். தொடக்கத்திலேயே நிலத்திற் சாய்க்கப்பட்ட ஸ்பிஸ்கோ, ஆமைபோல் அங்கேயே ஒடுங்கிவிட்டார். தோள்கள் நிலந்தொட்டாலன்றித் தோல்வியில்லை. குப்புறக் கிடப்பவரைப் புரட்டுதல் எளிதன்று. இரண்டரை மணிநேரத்திற்கு மேல் முயன்றும் காமாவால் இயலவில்லை. போட்டி முடிவின்றி நின்றது. அழகற்ற உபாயமெனப் பலர் இகழினும், நிலத்திற் கிடந்து தாங்குவதும் ஓர் ஆற்றலே என்பது எம் கருத்து. ஒரு வாரத்தின்பின் குறித்த மறுபோட்டிக்கு ஸ்பிஸ்கோ வரவில்லை. வெற்றிப்பட்டி காமாவுக்கே கிடைத்தது.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்து, 1928 இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் பொருதனர். இம்முறை ஸ்பிஸ்கோ ஒடுங்குதற்கு நேரமே வாய்க்கவில்லை. ஒரு நிமிடத்திற்குள் காமா அவரை வீழ்த்தினார்.

1947 இல் நாடு பிரிந்தபின் காமா பாக்கிஸ்தானிலே வாழ்ந்தார். முதுமையில் நோயும் பொருள் முடையும் அவரை வாட்டின. 1960 மே மாதம் 23 ஆம் நாள் லாகூரிற் காலமானார்.