டைலருக்கும் அயர்ன் மாஸ்டருக்கும் ஒரே யோகாவா? 100 வயது வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார் காட்டிய வழி

வேலம்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியை எடுத்துக்கோங்க. ஓவர்லாக் மெஷினில் இருக்கும் டைலர் நாள் முழுக்க குனிஞ்சபடி உட்கார்ந்திருப்பார். அயர்ன் டேபிளில் இருப்பவர் ஷிப்ட் முடியும் வரை நின்னுட்டே இருப்பார். ஒருத்தருக்கு கழுத்து வலி, இன்னொருத்தருக்கு கால் வலி. ராத்திரி ரெண்டு பேரும் போனில் ஒரே வீடியோவைப் பார்த்து ஒரே ஆசனத்தைச் செய்தால் சரியா வருமா?

வராது என்பதைத் தன் வகுப்புகளிலேயே செய்து காட்டியவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். இன்று உலகம் முழுக்க நடக்கும் யோகா வகுப்புகளில் பெரும்பகுதிக்கு வேர் இவர்தான்.

யார் இவர்?

1888 நவம்பர் 18ஆம் தேதி, இன்றைய கர்நாடகாவின் சித்ரதுர்கா மாவட்டத்தில் உள்ள முச்சுகுந்தபுரத்தில் பிறந்தார். வைணவ ஆச்சாரியார் நாதமுனிகளின் வழி வந்த குடும்பம் என்பது அவர்கள் நம்பிக்கை. யோகாவை முதலில் கற்றுக்கொடுத்தது அப்பா. அவர் சீக்கிரமே இறந்துவிட, குடும்பம் மைசூருக்கு இடம் மாறியது.

16 வயதில் ஆழ்வார்திருநகரிக்கு வந்தபோது, கனவு போன்ற ஒரு நிலையில் நாதமுனிகளின் 'யோக ரகசியம்' தனக்குக் கிடைத்ததாக அவர் சொல்லி வந்தார். பிறகு காசியில் சமஸ்கிருதமும் தத்துவமும் படித்தார். இமயமலைக்கு அப்பால் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் 7 வருஷத்துக்கும் மேல் யோகா பயின்றதாகவும் சொல்வார்.

படித்து முடித்ததும் வாழ்க்கை ஒன்றும் சுலபமாக இல்லை. யோகாவை நம்பிப் பிழைக்க முடியாமல் காபி தோட்டத்திலும் வேலை பார்த்திருக்கிறார்.

மைசூர் அரண்மனையில் என்ன நடந்தது?

1930களில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியது. வந்தவர்களில் பெரும்பாலும் துடிப்பான பையன்கள். அவர்களுக்கு ஏற்ற மாதிரி, மூச்சோடு சேர்த்து ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததற்கு வேகமாகப் போகும் பயிற்சியைக் கொடுத்தார்.

அங்கே உருவான பட்டாபி ஜோயிஸ் அந்த வேகமான முறையை அஷ்டாங்க யோகா என்று உலகுக்குக் கொண்டு போனார். மனைவியின் தம்பி பி.கே.எஸ். ஐயங்கார் பின்னாளில் தனக்கென ஒரு முறையை உருவாக்கினார். ஐரோப்பாவில் இருந்து வந்த இந்திரா தேவியை முதலில் சேர்க்க மறுத்து, பிறகு கற்றுக்கொடுத்தார். இந்திரா தேவி பின்னாளில் ஹாலிவுட்டில் யோகா மையமே திறந்துவிட்டார்.

ஆனால் அப்போது அவர் ரொம்பக் கண்டிப்பானவர். ஒரு நிகழ்ச்சிக்காக, கால்களை முன்னும் பின்னும் விரிக்கும் அனுமானாசனத்தைச் செய்யச் சொன்னதில் தொடைத் தசை கிழிந்து, நீண்ட காலம் அவதிப்பட்டதாக ஐயங்கார் சொல்லியிருக்கிறார். தயாராகாத உடம்பு என்ன விலை கொடுக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

சென்னையில் என்ன மாறியது?

1940ல் மகாராஜா மறைந்தார். 1950ல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைத் தாண்டி மீண்டும் பூஜ்யத்தில் இருந்து ஆரம்பம். 1952ல் சென்னைக்கு வந்தார்.

இங்கே அவரைத் தேடி வந்தவர்கள் வேறு ரகம்: பக்கவாதம் வந்தவர், தூக்கம் வராதவர், வயதானவர். கூட்டமாக நிறுத்திச் சொல்லிக்கொடுப்பது இவர்களுக்குச் சரிப்படாது. வந்தவரின் வயசு, உடம்பு, வேலை, நோய், குடும்பச் சூழல் எல்லாத்தையும் பார்த்து ஒவ்வொருத்தருக்கும் தனிப் பயிற்சி வகுத்தார். பெண்களுக்கும் வேத மந்திரம் ஓதக் கற்றுக்கொடுத்தார்.

நியூசிலாந்தைச் சேர்ந்த ஒரு பெண், மாத்திரை போடாமல் தூங்கிய சந்தோஷத்தில் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்து அசந்துபோனார் மகன் தேசிகாச்சார். இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு அப்பாவிடமே மாணவராகச் சேர்ந்தார். 1976ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார்.

இவர் முறையின் அடிப்படை என்ன?

மூச்சுதான் முதலாளி: கை தூக்கும்போதும் மார்பு விரியும்போதும் மூச்சை உள்ளே இழுக்கணும். குனியும்போது வெளியே விடணும். அசைவு மூச்சின் வேகத்தில் போகணும்.

மாற்று ஆசனம் கட்டாயம்: உடம்பை ஒரு பக்கம் வளைத்தால், அதைச் சமன் செய்ய எதிர் ஆசனம் வேணும்.

வயசுக்கு ஏத்த பயிற்சி: சின்ன வயசில் வளர்ச்சிக்காக சுறுசுறுப்பான ஆசனங்கள். குடும்பஸ்தருக்கு உடல்நலம் காக்க அளவான ஆசனமும் மூச்சுப் பயிற்சியும். முதுமையில் தியானம்.

ஆசனம்தான் மாறணும், ஆள் இல்லை: தரையில் உட்கார முடியாவிட்டால் நாற்காலி போதும்.

அப்போ டைலர் என்ன செய்யலாம்?

நாள் முழுக்க குனிஞ்சவருக்கு மறுபடியும் குனியும் ஆசனத்தில் தொடங்குவது பொருந்தாது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்தபடி மெதுவாகக் கையைத் தூக்கி, விட்டபடி இறக்குவதே நல்ல தொடக்கம். நின்றே வேலை பார்த்தவர் முதலில் படுத்து, காலுக்கு ஓய்வு கொடுத்துத் தொடங்கலாம். மூச்சு வாங்கினாலோ தடைபட்டாலோ அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்திடணும். தொடர்ந்து வலி, ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் டாக்டரைக் கேட்ட பிறகுதான், அதுவும் நேரில் ஆசிரியரிடம் கற்பதே பாதுகாப்பு.

கிருஷ்ணமாச்சாரியாருக்கு 96 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்றவர், படுக்கையில் இருந்தே செய்யும்படி தனக்கான பயிற்சியைத் தானே வகுத்துக்கொண்டார். 1989 பிப்ரவரி 28ல், 100 வயதைக் கடந்து சென்னையில் காலமானார். மைசூரில் பையன்களுக்குக் கொடுத்த அந்த வேகமான ஆசனங்கள்தான் இன்றும் வீடியோக்களில் அதிகம் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துச் செய்பவர்களோ 40, 50 வயதில், முதுகு வலியோடு இருப்பவர்கள். அவர்களுக்குத் தேவை, சென்னையில் அவர் கற்றுக்கொடுத்த யோகா.