அர்ச். ஜோன் ஆர்க் அம்மாள்: ஒரு தாய் கேட்ட நியாயம்



மே மாதம் 30-ந் தேதி அர்ச். ஜோன் ஆர்க் கன்னிகையின் திருநாள். கையில் கொடி பிடித்து, போர்க்கவசம் அணிந்து நிற்கும் அவளுடைய சுரூபத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அவள் எப்படிச் செத்தாள் என்பதை இந்த வாரம் சிந்திப்போம்.

பிரான்ஸ் தேசத்துத் தோம்ரேமி என்னும் சிற்றூரில், ஏறக்குறைய 1412-ம் ஆண்டில், குடியானவர் வீட்டில் அவள் பிறந்தாள். எழுதப் படிக்க அறியாள். செபங்களைத் தாய் இசபெல் சொல்லிக் கொடுத்தாள். பதின்மூன்று வயதளவில் மோட்சவாசிகளின் குரலைக் கேட்கத் தொடங்கினாள். ஆங்கிலேயர் நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்திருந்த காலம் அது. 1429 மே மாதம் ஓர்லேயான் நகரின் முற்றுகை அவளால் நீங்கிற்று. ஜூலை 17-ந் தேதி ரேம்ஸ் கோவிலில் ஏழாம் சார்லஸ் முடிசூடினார். அவள் அருகே நின்றாள்.

மறு ஆண்டில் பகைவரிடம் அகப்பட்டாள். 10,000 லிவர் பணத்துக்கு ஆங்கிலேயர் கையில் விற்கப்பட்டாள். அவளால் முடிபெற்ற அரசர் அவளை மீட்டுக்கொள்ளவில்லை.

1431-ல் ரூவான் நகரில் விசாரணை நடந்தது. நீதி செலுத்த அமர்ந்தவர் ஆங்கிலேயர் கட்சியைச் சேர்ந்த மேற்றிராணியார் பியேர் கோஷோன். சுற்றிலும் வேதசாஸ்திரிகள். வெட்கத்தோடு சொல்லுகிறேன்: என்னைப்போல் குருப்பட்டம் பெற்றவர்களே அவளைக் குற்றவாளி என்றார்கள். திருச்சபையின் சிறையில், பெண்களின் காவலில் இருக்கவேண்டியவளை ஆங்கிலப் போர்வீரர் காவலில் விலங்கிட்டு வைத்தார்கள். பாப்பரசரிடம் தன்னைக் கொண்டுபோகும்படி அவள் கேட்டாள், செவிகொடுப்பார் இல்லை. மே 24-ந் தேதி நெருப்புக்குப் பயந்து, தனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு காகிதத்தில் அடையாளமிட்டாள். சில நாளில் மறுபடியும் ஆண் உடை உடுத்தியிருந்தாள். மீண்டும் பதிதத்தில் விழுந்தவள் எனத் தீர்த்தார்கள்.

மே 30-ந் தேதி காலையில் அவளுக்குத் தேவநற்கருணை கொடுத்தார்கள். பதிதை என்று தள்ளப்பட்டவளுக்கே நன்மை கொடுத்தார்கள் என்றால், அவர்கள் மனச்சாட்சி என்ன சொல்லியிருக்கும்! பின்பு சந்தை வெளியில் உயிரோடே எரித்தார்கள். உயர்த்திப் பிடித்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்து, சேசுவின் திருநாமத்தைக் கூவி உயிர்விட்டாள். வயது சுமார் பத்தொன்பது. சாம்பலைச் சேன் நதியில் எறிந்தார்கள்.

தாய் இசபெல் மறக்கவில்லை. 1455 நவம்பர் 7-ந் தேதி, வயது முதிர்ந்த அந்தக் குடியானவப் பெண் பாரீஸ் நோத்ர்தாம் கோவிலில், பாப்பரசர் மூன்றாம் கலிஸ்துஸ் நியமித்த நீதிபதிகள் முன் வந்து நியாயம் கேட்டாள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். 1456 ஜூலை 7-ந் தேதி பழைய தீர்ப்பு செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. 1920-ல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார்.

இதை யோசித்துப் பாருங்கள். அவளைச் சிறையில் மட்டும் அடைத்திருந்தால், 1456-ல் கதவைத் திறந்திருக்கலாம். நாற்பத்துநாலு வயது மகளைத் தாய் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். தீர்ப்பைத் திருத்த இருபத்தைந்து வருஷம் ஆயிற்று. ஆற்றில் கரைந்த சாம்பலைத் திருத்த யாரால் முடியும்? படித்தவர்கள் பலர் கூடி ஒரே மனதாய்ச் சொன்ன தீர்ப்பே பிசகிற்றே! 2018-ல் பாப்பரசர் பிரான்சிஸ் மரண தண்டனை ஏற்கத்தகாதது என்று திருச்சபையின் ஞானோபதேசத்தில் எழுதச் செய்தார்.

நாம் என்ன செய்கிறோம்? பத்திரிகையில் ஒருவன் படம் வந்த அன்றே, விசாரணைக்கு முன்னே, டீக்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் அவனுக்குத் தூக்குப் போட்டுவிடுகிறோம். செத்தவர்களின் குடும்பத்துக்காக அழுவது தருமம். அந்த அழுகைக்காக இன்னொரு குற்றமற்றவனைப் பலிகொடுப்பது பாவம். பொய்த் தீர்ப்புக்கு ஆளாகிச் சிலுவையில் தொங்கினவரை நாம் ஆண்டவரென்று வணங்குகிறோம் அல்லவா?

இந்த வாரம் குடும்ப செபமாலையில் ஒரு பத்துமணியைச் சிறையில் கிடப்பவர்களுக்காகவும், வாசலில் காத்திருக்கும் அவர்கள் தாய்மாருக்காகவும் ஒப்புக்கொடுங்கள்.

அர்ச். ஜோன் ஆர்க் அம்மாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குக் குரு