மெழுகுவர்த்தியிலிருந்து கதிரவனுக்கு

இரவை வரைந்தே புகழ் பெற்ற ஓவியர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் டெர்பி நகரில் 1734-ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் ரைட் ஆவார். வழக்கறிஞரின் மகனான அவர், லண்டனில் தாமஸ் ஹட்சனிடம் மனிதர்களின் உருவப்படங்களைத் தீட்டக் கற்றார்.

இயற்பியல் மாணவனான என்னை முதலில் ஈர்த்தது, 1768-இல் அவர் தீட்டிய காற்றுப்பம்பு ஓவியமே. இருண்ட அறை, கண்ணாடிக் கோளத்துக்குள் ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி. காற்றை வெளியேற்றினால் அது மடியும். மீண்டும் உள்ளே விட்டால் பிழைக்கும். பார்க்க மனமின்றி ஒரு சிறுமி முகத்தை மூடிக்கொள்கிறாள். மேசை மீதுள்ள சுடரின் ஒளியே அங்குள்ளோர் முகங்களில் படுகிறது. இத்தகைய ஓவியங்களே ரைட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தன.

1773-இல், தம் 39-ஆம் வயதில், அவர் இத்தாலிக்குப் புறப்பட்டார். அங்கே வெசூவியஸ் எரிமலையைக் கண்டார். அறைக்குள் சிறு சுடரை வரைந்தவர், வானமே சிவக்கும் நெருப்பை வரையத் தொடங்கினார். முப்பதுக்கும் மேற்பட்ட முறை அம்மலையைத் தீட்டினார். இத்தாலியின் ஏரிகளும் கடற்கரைக் குகைகளும் அவரை வெட்டவெளிக்கு இழுத்து வந்தன.

ஆனால், பழைய பெயர் எளிதில் விடவில்லை. 1775-இல் அவர் பாத் நகருக்குச் சென்றார். கெயின்ஸ்பரோ விட்டுச் சென்ற இடத்தை நிரப்பலாம் என்பது அவர் எண்ணம். அங்கிருந்தோரோ அவரை நெருப்புக் காட்சி வரைபவராகவே அறிந்திருந்தனர். உருவப்படம் கேட்டு வந்தவர் மிகச் சிலரே. 1777-இல் அவர் டெர்பிக்கே திரும்பினார்.

அங்கே, பிறந்த மண்ணின் பள்ளத்தாக்குகளைத் தீட்டினார். டவ்டேல் பள்ளத்தாக்கை நிலவொளியிலும் வெயிலிலும் தனித்தனியே வரைந்தார். இரவை அவர் முற்றாகக் கைவிடவில்லை. பகலையும் தமதாக்கிக் கொண்டார். ஆஸ்துமாவால் அவதியுற்ற போதும், 1793-இலும் 1794-இலும் ஏரி மாவட்டத்துக்குப் பயணம் செய்தார். 1795-இல் தீட்டிய ரைடல் அருவியில், தெளிந்த நீருக்கடியில் கிடக்கும் கற்களும் தெரிகின்றன. 1797-இல் ரைட் மறைந்தார்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசியப் பள்ளிக்குச் சென்ற நம்மில் பலருக்கும் இளமையிலேயே ஒரு பெயர் சூட்டப்பட்டு விடுகிறது: இவன் கணக்குக்காரன், அவள் கவிதைக்காரி. நண்பர்களே, பெற்ற பெயர் நமக்குப் பெருமைதான். ஆயினும், அதுவே நமக்கு வேலியாகிவிட வேண்டியதில்லை. அறுபது வயதில் நீருக்கடியிலுள்ள கல்லை வரையப் பழகிய அந்த ஓவியரிடம் நான் கற்றது இதுவே.